அத்தியாயம் 4: கேட்டதும் கண்டதும்

நோயாளர் குறிப்பில் எஸ், ஓ பகுதிகளை எழுதும் முறை

உங்கள் டியூட்டி முடிந்துவிட்டது. இரவு 2 மணிக்கு நோயாளியின் நிலை மோசமாகிறது. அவரை இதற்கு முன் பார்த்திராத டாக்டர் ஒருவர் கட்டிலருகே வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார். ஒவ்வொரு வரியிலும் அவருக்கு எழும் சந்தேகம் ஒன்றுதான்: இதை யாராவது சொன்னார்களா, இல்லை எழுதியவர் தானே பார்த்தாரா? உங்களை போனில் எழுப்பாமலே அதற்கு விடை கிடைத்தால், நீங்கள் எழுதியது நல்ல குறிப்பு.

இந்தப் பிரிவினையை ஒழுங்காக்கியதில் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் தகவல், கணிப்பு, திட்டம் என்று பிரித்து எழுத வேண்டும் என்று அவர் 1968இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் விரிவாக வாதிட்டார். அதிலிருந்து வந்ததுதான் இன்று வார்டுகளில் எழுதும் ‘சோப்’ குறிப்பு. எஸ் என்பது நோயாளி சொன்னது. ஓ என்பது நாம் கண்டதும் அளந்ததும். ஏ நம் கணிப்பு. பி அடுத்துச் செய்யப்போவது. ஏ, பி இரண்டையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம். எஸ்ஸும் ஓவும் கலங்கிக் கிடந்தால் அதன்மேல் எழுதும் கணிப்பும் கலங்கித்தான் இருக்கும் என்பதால் இவற்றுக்குத் தனி அத்தியாயம்.

மாதிரிகளைத் தமிழில் தருகிறோம். உங்கள் மருத்துவமனை வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதும்போதும் முறை இதுவே.

எஸ்: நோயாளி சொன்னது

முதல் வரியில் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். நோயாளியே சொன்னாரா, மனைவியா, குழந்தையின் அம்மாவா, ஆம்புலன்ஸில் ஏற்றிவந்தவரா? கணவருக்கு வலிப்பு வந்ததை மனைவி கண்ணால் பார்த்திருந்தாலும், உங்களுக்கு அது கேட்ட செய்தி. அதன் இடம் எஸ். ‘மனைவி நேரில் பார்த்தது’ என்ற அடையாளத்தோடு. வலிப்பின்போது பக்கத்தில் இல்லாத மச்சினர் சொல்வதற்கும், இருந்த மனைவி சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இரவு டாக்டருக்கு வேண்டும்.

இரண்டாவது, வந்த காரணம். அதை நோயாளியின் வாய்மொழியிலேயே ஒரு வரி எழுதுங்கள். “கேஸ் மாதிரி நெஞ்சுல அடைக்குது” என்று ஒருவர் சொன்னால், ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். அவர் சொன்னது அடைப்பு. கேஸ் என்பது அதற்கு அவர் கற்பித்த காரணம். இரண்டையும் மேற்கோளுக்குள் வைத்துவிட்டு, எப்போது தொடங்கியது, என்ன செய்துகொண்டிருந்தபோது, எங்கே பரவியது, வியர்த்ததா, எவ்வளவு நேரம், எதில் கூடியது, எதில் குறைந்தது என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். மாடிப்படி ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் குறைந்த ‘கேஸ்’ எதைச் சுட்டுகிறது என்று படிப்பவருக்குத் தானே புரியும்.

நோயாளி தமிழில் சொல்வதை நாம் உடனே ஆங்கிலக் கலைச்சொல்லாக மாற்றிவிடுகிறோம். அந்த இடத்தில்தான் தகவல் அதிகம் தொலைகிறது. மயக்கம் என்று சொல்லி வரும் அறுபது வயது அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்:

“கிறுகிறுன்னு மயக்கமா வருது டாக்டர்.”

“வீடே சுத்துற மாதிரியாம்மா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?”

“சுத்தல. படுத்து எழுந்தா கண்ணு இருட்டும்.”

“கீழ விழுந்தீங்களா?”

“ஒரு தரம், பாத்ரூம் வாசல்ல. உடனே எழுந்துட்டேன்.”

“புதுசா ஏதாவது மாத்திரை?”

“போன வாரம் பி.பி. மாத்திரைய மாத்திக் குடுத்தாங்க.”

இதை எஸ்ஸில் எழுதினால்: ‘“மயக்கம்”. படுத்து எழும்போது கண் இருட்டுகிறது, தலைசுற்றல் இல்லை. ஒருமுறை விழுந்தார், உடனே எழுந்துவிட்டார். போன வாரம் பி.பி. மாத்திரை மாற்றப்பட்டது.’ வெறுமனே ‘கிடினஸ்’ என்று எழுதியிருந்தால் படிப்பவர் காதைச் சோதிப்பாரா, இதயத்தைப் பார்ப்பாரா, மாத்திரைச் சீட்டைத் தேடுவாரா? இப்போது என்ன அளக்க வேண்டும் என்பதை எஸ்ஸே சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, காலம். ‘3 நாளாக’ என்று எழுதிய சொல் நாளைக்குப் பழசாகிவிடும். ‘திங்கள் இரவு முதல்’ என்று கிழமையோ தேதியோ போடுங்கள். காய்ச்சல் கேஸில் இது கட்டாயம்.

நான்காவது, ‘இல்லை’ என்ற பதில்கள். எல்லா உறுப்புக்கும் இல்லை, இல்லை என்று நிரப்ப வேண்டியதில்லை. உங்கள் சந்தேகப் பட்டியலை மாற்றக்கூடிய ‘இல்லை’களை மட்டும் எழுதுங்கள். தலைவலி கேஸில் ‘வாந்தி இல்லை, பார்வை மங்கல் இல்லை, கழுத்து இறுக்கம் இல்லை’ என்பது பயன்படும். கேட்காத ஒன்றை ‘இல்லை’ என்று எழுதுவது பொய்ச் சாட்சி. கேட்க முடியவில்லை என்றால் ‘கேட்கவில்லை’ என்றே எழுதுங்கள்.

ஐந்தாவது, மருந்து. “பி.பி.க்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை” என்பது தகவல் ஆகாது. ஸ்ட்ரிப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் மூன்றையும் எழுதுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிய வலி மாத்திரை, கஷாயம், லேகியம், பக்கத்துத் தெருவில் போட்ட ஊசி ஆகியவற்றைத் தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் அவை மருந்தே இல்லை. அலர்ஜி என்றால் என்ன ஆனது என்று கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டு வயிறு எரிந்ததையும், பென்சிலின் போட்டு மூச்சு முட்டியதையும் ஒரே ‘அலர்ஜி உண்டு’க்குள் அடைக்கக் கூடாது.

ஆறாவது, பழக்கங்கள். ‘எப்போதாவது குடிப்பார்’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘வாரத்தில் 4 நாள், ஒரு குவார்ட்டர் பிராந்தி, கடைசியாக நேற்று இரவு 9 மணி’ என்று எழுதினால், மூன்றாம் நாள் அவர் கைநடுங்கிப் பிதற்றும்போது காரணம் தேடி அலைய வேண்டாம்.

எஸ்ஸில் தீர்ப்பு வேண்டாம். ‘மருந்து ஒழுங்காக எடுக்காதவர்’ என்பது தீர்ப்பு. ‘2 வாரமாக இன்சுலின் போடவில்லை, “ஊர்ல ஃப்ரிட்ஜ் இல்ல, கெட்டுப்போச்சு”’ என்பது தகவல். முதலாவதைப் படிப்பவர் எரிச்சலோடு நோயாளியிடம் போவார்; இரண்டாவதைப் படிப்பவர் இன்சுலினை எங்கே வைப்பது என்று பேசுவார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அரிவாள் அணு ரத்தசோகை உள்ள ஒரே நோயாளியைப் பற்றி இரண்டு விதமாக எழுதிய குறிப்புகளை மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். இழிவான சொற்கள் கலந்த குறிப்பைப் படித்தவர்களுக்கு நோயாளி மீது மதிப்பு குறைந்தது; வலிக்குக் கொடுக்க முன்வந்த மருந்தும் குறைந்தது. நீங்கள் எழுதும் ஒரு பெயரடை அடுத்தவர் கை மருந்தளவை மாற்றும்.

ஓ: நாம் கண்டதும் அளந்ததும்

ஓ பகுதிக்கு ஒரே விதி: இன்னொருவர் அதே நேரத்தில் அதே இடத்தில் பார்த்திருந்தால் அவரும் அதையே எழுதியிருக்க வேண்டும். ஆகவே எண், அலகு, இடம், நேரம்.

மேலே சொன்ன அம்மாவையே எடுத்துக்கொள்வோம். ‘பி.பி. 138/84’ என்று மட்டும் எழுதினால் குறிப்பு பாதியில் நிற்கிறது. ‘பி.பி. வலது கை, படுத்த நிலையில் 138/84. எழுந்து நின்ற 3ஆவது நிமிடம் 112/76, கண் இருட்டுவதாகச் சொன்னார்’ என்று எழுதினால் கதை முடிந்துவிட்டது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். கணிப்பை ஏ பகுதியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்கான அளவை எடுத்தது நீங்கள்.

வைட்டல்ஸில் அதிகம் ஏமாற்றப்படுவது மூச்சு வீதம். எந்த வார்டு சார்ட்டை எடுத்தாலும் 18, 18, 20, 18 என்று ஒரே சீராக ஓடும். முழு நிமிடம் எண்ணாமல் போட்ட எண்கள் அவை. லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்ட ‘நியூஸ்’ எச்சரிக்கைப் புள்ளி முறையில், மூச்சு வீதம் 12 முதல் 20 வரை என்றால் புள்ளி 0. 21 முதல் 24 வரை 2. 25 அல்லது அதற்கு மேல் 3. எண்ணாமல் போட்ட 18, செப்சிஸில் சரிந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பத்திரமானவர் என்று காட்டிவிடும். பல்ஸைப் பிடித்தபடியே வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நீங்கள் எண்ணுவது நோயாளிக்குத் தெரிய வேண்டாம்.

ஆக்சிஜன் செறிவு எழுதும்போது வெறும் காற்றிலா, எத்தனை லிட்டர் ஆக்சிஜனிலா என்று சேர்த்து எழுதுங்கள். 96 சதவீதம் என்பது வெறும் காற்றில் நிம்மதி; 10 லிட்டரில் அபாயம். சர்க்கரை அளவுக்குச் சாப்பிட்ட நேரம் வேண்டும். நினைவு நிலைக்கு மொத்தப் புள்ளி போதாது: ஜி.சி.எஸ். 10 என்பது இ3 வி2 எம்5 ஆகவும் இருக்கலாம், இ4 வி1 எம்5 ஆகவும் இருக்கலாம். காலையில் முதலாவதும் மாலையில் இரண்டாவதும் இருந்தால், மொத்தம் மாறாமலே நோயாளியின் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

உடல் பரிசோதனையில் நம் ஊர்ச் சுருக்கெழுத்துகள் வசதியானவை, ஆனால் கைப்பழக்கத்தில் தானாக வந்துவிழுபவை. ‘சி.வி.எஸ். எஸ்1 எஸ்2 ப்ளஸ், ஆர்.எஸ். என்.வி.பி.எஸ்., பி/ஏ சாஃப்ட், சி.என்.எஸ். என்.எஃப்.என்.டி.’ என்ற நான்கையும் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடாமலே எழுதிவிட முடியும். அதனாலேயே ரவுண்ட்ஸில் சீஃப் அவற்றை நம்புவதில்லை. எந்த உறுப்பு பற்றிய புகாரோடு வந்தாரோ அந்த உறுப்பைச் சுருக்கெழுத்து இல்லாமல் எழுதுங்கள். ‘கல்லீரல் தட்டுப்படுகிறது’ என்பதைவிட ‘விலா விளிம்புக்குக் கீழே 3 செ.மீ., மென்மையானது, தொட்டால் வலி’ என்பது நாளை ஒப்பிட உதவும். பார்க்காத உறுப்புக்கு ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

லேப் முடிவுக்கு ரத்தம் எடுத்த நேரம் முக்கியம். ரிப்போர்ட் வந்த நேரம் அல்ல. ஈ.சி.ஜி.யில் ‘வி1 முதல் வி4 வரை எஸ்.டி. 2 மி.மீ. உயர்வு’ என்பது ஓ. ‘முன்சுவர் மாரடைப்பு’ என்பது ஏ. எக்ஸ்-ரேவில் ‘வலது கீழ்ப்பகுதியில் வெண்மை’ ஓ, ‘நிமோனியா’ ஏ. கண்டதை ஓவில் வைத்திருந்தால், நாளை கணிப்பு தவறென்று தெரிந்தாலும் கண்டது கெடாமல் நிற்கும்.

நடுவில் நிற்பவை

சில தகவல்கள் எந்தப் பக்கம் போவது என்று தயங்கும். வலி என்பது எஸ். அழுத்தினால் முகம் சுளித்தார், வயிறு இறுகியது என்பது ஓ. வீட்டில் பார்த்த சர்க்கரை 240 என்று சொன்னால் எஸ். குளுக்கோமீட்டரை வாங்கி நீங்களே அதன் நினைவகத்தில் பார்த்தால் ஓ, ‘வீட்டு மீட்டர்’ என்ற குறிப்போடு. வெளி லேப் ரிப்போர்ட் கையில் இருந்தால் ஓ, தேதியோடு. “ரிப்போர்ட்ல ஏதோ கம்மின்னாங்க” என்றால் எஸ். நர்ஸ் பார்த்த வாந்தியை ‘காலை 6 மணி, பணியிலிருந்த நர்ஸ் பார்த்தது, சுமார் 200 மி.லி., பித்த நிறம்’ என்று ஓவில் எழுதலாம். எந்தப் பக்கம் போட்டாலும் வழி தெரிந்தால் போதும்: யார், எப்போது, எப்படி.

ஒரு கேஸ், இரண்டு குறிப்புகள்

34 வயதுப் பெண், வெள்ளிக்கிழமை காலை ஓ.பி.க்கு வருகிறார். முதல் குறிப்பு:

‘4 நாள் காய்ச்சல், இப்போது இல்லை. வயிற்றுவலி, வாந்தி. ஜி.சி. ஃபேர். வைட்டல்ஸ் ஸ்டேபிள். பி.பி. 100/82. சி.வி.எஸ்., ஆர்.எஸ். என்.ஏ.டி. பி/ஏ சாஃப்ட்.’

இதைப் படிப்பவர், காய்ச்சல் விட்டுவிட்டது, வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பலாம் என்று நினைப்பார். அதே பெண், அதே நேரம், இரண்டாவது குறிப்பு:

எஸ்: நோயாளியே சொன்னது, கணவர் உடனிருந்தார். “காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா வயித்து வலி தாங்கல.” திங்கள் இரவு குளிருடன் காய்ச்சல் தொடங்கியது. வியாழன் மாலை முதல் காய்ச்சல் இல்லை. கடைசி பாராசிட்டமால் வியாழன் மதியம் 2 மணி. வியாழன் இரவு முதல் மேல்வயிற்றில் விடாத வலி. இன்று காலை முதல் 4 முறை வாந்தி. பல் தேய்க்கும்போது ஈறில் ஒருமுறை ரத்தம். மலம் கறுப்பாகப் போகவில்லை. கடைசியாகச் சிறுநீர் போனது அதிகாலை 3 மணி. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபெனாக் 2 மாத்திரை (ஸ்ட்ரிப் பார்த்தேன்). சர்க்கரை, பி.பி. இல்லை. கர்ப்பம் இல்லை என்கிறார், பரிசோதிக்கவில்லை.

ஓ: காலை 9.40. விழித்திருக்கிறார், சோர்வு, கேட்டால் பதில் சொல்கிறார். வெப்பநிலை 98.2 ஃபாரன்ஹீட். பல்ஸ் 112, மெலிந்தது. பி.பி. வலது கை, படுத்து 100/82. மூச்சு முழு நிமிடத்தில் 24. ஆக்சிஜன் செறிவு வெறும் காற்றில் 98 சதவீதம். கைகள் குளிர்ச்சி; நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 4 விநாடி. கல்லீரல் 3 செ.மீ., தொட்டால் வலி. வலது நுரையீரல் அடிப்பகுதியில் மூச்சொலி குறைவு. வெளி லேப், வியாழன் காலை 11 மணி: என்.எஸ்.1 பாசிடிவ், தட்டணு 92,000, ஹெமட்டோக்ரிட் 38. இங்கே, இன்று 9.45க்கு எடுத்த ரத்தம்: தட்டணு 41,000, ஹெமட்டோக்ரிட் 46.

இரண்டு குறிப்பிலும் பி.பி. ஒன்றே. முதலாவது அதை ‘ஸ்டேபிள்’ என்று மூடிவிட்டது. இரண்டாவதில் 100க்கும் 82க்கும் இடையே 18தான் இருக்கிறது என்பது கண்ணில் படுகிறது. டெங்குவில் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை. காய்ச்சல் விட்ட நேரம்தான் பிளாஸ்மா கசியும் ஆபத்துக் கட்டம். மாத்திரையால் விடவில்லை என்பது கடைசி பாராசிட்டமால் நேரத்திலிருந்து தெரிகிறது. ஹெமட்டோக்ரிட் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. ஒப்பிட முடிந்தது இரண்டுக்கும் நேரம் போட்டதால். டெங்கு என்ற சொல்லே குறிப்பில் இல்லை. ஆனாலும் படித்த யாரும் இவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

ஏ.ஆர். எழுதும்போது

அடிதடி, விபத்து, விஷம் என்றால் அரசு மருத்துவமனையில் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் போடுவோம். அந்த ஏ.ஆர். காப்பி போலீஸ் வழியாகக் கோர்ட்டுக்குப் போகும். அங்கே கேட்டதையும் கண்டதையும் கலந்தால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். ‘அரிவாளால் வெட்டப்பட்டார்’ என்று எழுதாதீர்கள். நீங்கள் வெட்டைப் பார்க்கவில்லை. ‘நேற்று இரவு 8 மணியளவில் தெரிந்த 3 பேர் அரிவாளால் வெட்டியதாகச் சொல்கிறார்’ என்பதே முறை. அடுத்து காயம்: ‘இடது முன்கை வெளிப்புறம், 6 × 1 செ.மீ., தசை ஆழம், விளிம்புகள் சீரானவை, ரத்தம் கசிகிறது.’ ஆயுதம் எது என்ற முடிவு இந்த இரண்டு வரிகளிலும் இல்லை. சொல்லும் கதையும் காயத்தின் தன்மையும் பொருந்தாவிட்டாலும் இரண்டையும் அப்படியே எழுதுங்கள், சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

எந்தக் குறிப்பிலும் தவறாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் நேரமும் போடுங்கள். வைட்னர் வேண்டாம். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆகவே நீங்கள் எழுதுவதை நோயாளியும் படிப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

தினசரிக் குறிப்பு

வார்டில் தினமும் எழுதும் குறிப்பு சுருக்கமாக இருக்கலாம். ஆனால் நேற்றையதின் நகலாக இருக்கக் கூடாது. கணினியில் எழுதும் மருத்துவமனைகளில் காப்பி-பேஸ்ட் பெரிய தொல்லை: கதீட்டரை எடுத்து இரண்டு நாள் ஆன பிறகும் ‘கதீட்டர் உள்ளது’ என்று ஓவில் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்ஸில் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கேளுங்கள். ஓவில் மாறிய எண்ணை நேற்றைய எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்: ‘கிரியாட்டினின் 1.4, நேற்று 2.1.’

பயிற்சி

கீழுள்ள வரிகள் எங்கே போகும்? விடையைப் பார்க்கும் முன் எழுதிப்பாருங்கள்.

1. இரவில் 3 முறை மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தார் என்று மனைவி சொல்கிறார்.
2. வலது அடிவயிற்றில் அழுத்தி விடும்போது வலி கூடுகிறது.
3. நோயாளி ரொம்ப டல்லாக இருக்கிறார்.
4. இடது காலில் செல்லுலைட்டிஸ்.
5. வைட்டல்ஸ் ஸ்டேபிள்.

விடை: 1 எஸ், சொன்னவர் யார் என்ற குறிப்போடு. 2 ஓ. 3 ஓ பக்கம்தான், ஆனால் இப்படியே விட முடியாது. கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, கேட்டதற்கு எத்தனை சொல்லில் பதில் என்று எழுதுங்கள். 4 ஏ, ஓவுக்குத் தேவை சிவப்பின் எல்லை, வெப்பம், வீக்கம், பேனாவால் ஓரம் வரைந்த நேரம். 5 எங்கேயும் போகாது, எண்களை எழுதுங்கள்.

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். இந்த வாரம் நீங்கள் எழுதிய குறிப்பு ஒன்றை, அந்த நோயாளியைப் பார்க்காத பக்கத்து யூனிட் நண்பரிடம் உங்கள் யூனிட்டில் வைத்தே கொடுங்கள். படிக்கும்போது அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். “இது யார் சொன்னது?” என்று கேட்டால் எஸ்ஸில் குறை. “எப்போ எடுத்தது? எவ்வளவு?” என்று கேட்டால் ஓவில் குறை. கேள்வியே கேட்காமல் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.